அரை சென்ட் மாஸ்டர் பிளான்

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி. பெருக்கினால் 216 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்பதால், எங்கள் வீட்டுப் பொடக்காளியை, அதாவது கொல்லைப்புறத்தை, அரை சென்ட் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஏறக்குறைய இரண்டு சதுர அடி குறைகிறது. அந்த இரண்டு சதுர அடியும் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்குள் போய்விட்டது என்பது அம்மாவின் நெடுநாள் கருத்து. சுவர் எழும்பும்போது என் அப்பாரு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் என்பது அந்தக் கருத்தின் பின்னிணைப்பு.

இந்த இடத்தில் தோட்டம் போடுவது என்று முடிவாயிற்று. யார் முடிவெடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் யாரும் முடிவெடுப்பதில்லை. தயிர் தோய்வதுபோல் ராத்திரியோடு ராத்திரியாக அது ஆகிவிடும். செய்தி சூலூர் மாமாவுக்குப் போனது. அவருக்கு ஆறு ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு போர். ஒரு கல்யாணப் பத்திரிகையைச் சாக்கிட்டு வந்தவர், "தோட்டம் போடறீங்கன்னாங்களே" என்று பின்பக்கம் வந்து நின்றார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எங்கீங்க மாப்ளே?"

சிங்காநல்லூர் 1981இல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. அதற்கு முன் தனி நகராட்சி. எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பொடக்காளி என்றால் ஒரு எருமை, ஒரு போர்க் கொட்டாய், முருங்கை ஒன்று, அதில் ஏறி விழுந்த பையன் ஒருவன். மில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் அங்கேதான் கைகால் கழுவுவார்கள். பிறகு பாகம் பிரிந்தது, வீடு பின்னால் நீண்டது, பொடக்காளி சுருங்கியது. எருமை நின்ற இடத்தில் இப்போது மோட்டார் சுவிட்ச் இருக்கிறது. அதுவும் மழைக்காலத்தில் முட்டத்தான் வருகிறது.

திட்டமிடாமல் எதையும் செய்யக் கூடாது என்பது ஆர்க்கிடெக்சர் படிக்கும் என் மகளின் கட்சி. ஊரைக் கைகாட்டிப் பேசுவாள். கோவைக்கு ஒரு மாஸ்டர் பிளான் 1994இல் வந்தது. அடுத்ததற்கான வரைவு மக்கள் பார்வைக்கு வர 2024 ஆயிற்று. நடுவில் முப்பது வருஷம் ஊர் தன்பாட்டுக்கு வளர்ந்து, வரைபடத்தில் வயல் என்று போட்ட இடங்களுக்கெல்லாம் கிரகப்பிரவேசம் நடத்தி முடித்துவிட்டது. "நம்ம ஊட்டுல அப்படி ஆகக் கூடாதுப்பா" என்றாள். கட்டம் போட்ட தாளில் பொடக்காளியை வரைந்தோம். அரசாங்கம் செய்தபடியே அதை எல்லோரும் பார்க்கும் இடத்தில், அதாவது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, 'ஆட்சேபணைகளும் கருத்துகளும் வரவேற்கப்படுகின்றன' என்று கீழே எழுதினோம். அரசாங்கம் அதற்கு ஒரு கெடு வைத்திருந்தது. நாங்கள் வைக்கவில்லை.

தாளில் பார்க்கிறபோது நிலம் வெறும் கட்டம். நேரில் அப்படியா இருக்கிறது? செப்டிக் டேங்கின் மேல்பலகை எட்டுக்கு ஐந்து: 40 சதுர அடி. அதன்மேல் எதையும் நட முடியாது. சில வருஷத்துக்கு ஒருமுறை சந்தில் லாரி வந்து நிற்கும், தொடை தடிமனில் ஓஸ் ஒன்று சுவரேறி உள்ளே வரும். அப்போது ரோஜாவே நின்றாலும் ராஜாவே நின்றாலும் ஒதுங்கத்தான் வேண்டும். சம்ப் ஆறுக்கு நான்கு: 24. துவைக்கிற கல்லும் துவைக்கிறவர் நிற்கிற இடமும் நான்குக்கு நான்கு: 16. நடைக்கு மூன்றடி அகலம், நீளவாக்கில் முழுக்க: 54. ஆக 134 போனால் மிச்சம் 82. இந்த 82 சதுர அடிக்குத்தான் இனிமேல் வரும் எல்லாச் சண்டையும்.

வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் இது. எங்களுக்கு அது நகரத்தின் மறுகோடி. என்றாலும் ஊர் ஊர்தானே. 1912இல் இங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் வைத்து, 'கோ' என்று ஆரம்பிக்கும் கரும்பு ரகங்களைப் பல நாடுகளுக்கு அனுப்பிய கோயமுத்தூர், ஒரு தண்டங்கீரைப் பாத்திக்கு வழி சொல்லாதா? சொல்கிறது. வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு வேளாண்மைக்காரர்கள் போடும் மாதிரி வரைபடம் ஒன்று உண்டு. ஐந்து பேர் குடும்பத்துக்குச் சுமார் 200 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட் அளவு. முருங்கை, வாழை, பப்பாளி, கறிவேப்பிலை போன்ற பல்லாண்டுப் பயிர்களை ஒரு ஓரமாகப் பின்னால் தள்ளிவிட வேண்டும்; இல்லையென்றால் அவற்றின் நிழல் மற்றதை வளரவிடாது. மூலையில் குப்பைக் குழி. நடைபாதை ஓரத்தில் கீரை. நடுவில் ஆறிலிருந்து பத்துப் பாத்திகள். ஒன்றில் அறுப்பு முடிந்தால் அடுத்ததில் நாற்று, வருஷம் முழுக்கச் சுழற்சி.

நல்ல வரைபடம்தான். எங்கள் இடம் அதில் பத்தில் ஒன்று. ஆக, வருஷத்தில் ஐந்து வாரத்துக்குக் காய்கறி உறுதி. மீதி நாற்பத்தேழு வாரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இடைவெளி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், திட்டம் போடுகிறவனின் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான். தென்னைக்குத் தென்னை 25 அடி. அந்தக் கணக்கில் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. எங்கள் பொடக்காளி முழுவதையும் கொடுத்தாலும் மூன்றிலொரு தென்னைதான் வரும். அந்தப் பாகம் குலையா மட்டையா என்பதைச் சூலூரில்தான் கேட்க வேண்டும். வாழைக்கு ஆறுக்கு ஆறு. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 முருங்கை வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது என்பார்கள். விதை போட்டு ஆறு மாதத்தில் காய், உயரத்தை வெட்டி வெட்டி அடக்கிக்கொள்ளலாம். ஆனால் அதற்கும் செடிக்குச் செடி இரண்டரை மீட்டர் விட வேண்டும். இரண்டரைக்கு இரண்டரை என்றால் 67 சதுர அடி. 82இல் 67 போய்விட்டது. மிச்சமிருக்கிற 15 சதுர அடியில் கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை, கீரை, அம்மாவின் துளசி மாடம், மகள் வரைந்து வைத்திருந்த 'உட்காருமிடம்'. அந்த உட்காருமிடத்தில் யார் உட்கார்ந்தாலும் முழங்கால் கத்திரிக்காய் மேல் இருக்கும்.

தோட்டக்கலை பற்றி வெள்ளைக்காரர் எழுதிய புத்தகம் ஒன்றை மகள் நூலகத்திலிருந்து கொண்டுவந்தாள். வழவழ தாள், வாய் ஊறும் படங்கள். முதல் அத்தியாயமே தெற்கு பார்த்த தோட்டத்தின் பெருமை: வெயில் நன்றாக விழும், பாக்கியசாலிகள் என்று. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில். ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். மற்ற மாதங்களில் தெற்கே போகிறான். எந்தப் பக்கம் நின்றாலும் உச்சி மண்டையை அவன் மறப்பதில்லை. லண்டன்காரருக்கு வெயிலை எப்படிப் பிடிப்பது என்று கவலை. சிங்காநல்லூர்க்காரனுக்கு அதை எங்கே ஒளித்துவைப்பது என்று.

எங்கள் வீடு கிழக்கு பார்த்தது, வாஸ்துவுக்கு மெத்த நல்லது. அப்படியென்றால் பொடக்காளி மேற்கே. மத்தியானம் வரை வீட்டின் நிழலில் படுத்திருக்கும். இரண்டு மணிக்கு மேல் வெயில் முகத்துக்கு நேரே வந்து அறையும். காலையில் ஊட்டி, சாயங்காலம் தாராபுரம். போதாததற்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட வாசல். ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே நுழைந்து கோவையைத் தாண்டித்தான் போகிறது. மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வருகிற உறவினர் மாதிரிதான் அதுவும், வந்தால் சும்மா போவதில்லை. ஆடிப் பட்டம் தேடி விதை என்றார்கள் பெரியவர்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றும் அவர்களேதான் சொன்னார்கள். விதை போட வேண்டிய மாதமும் விதை பறக்கும் மாதமும் ஒன்றாக இருப்பது பற்றி அவர்கள் விளக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை.

இதற்குள் ஃபிரிட்ஜ் கதவில் ஆட்சேபணைகள் சேர்ந்துவிட்டன.

முதல் மனு என் மனைவியுடையது. வரைபடத்தின் குறுக்கே சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. துணிக்கொடி. "ஏனுங்க, துணி எங்க காயும்? தக்காளிக்கு வெயில் வேணுமுன்னா துணிக்கும் வேணுமில்ல. ரெண்டும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், அப்பறம் சொல்லுங்க." அடுத்த மனுவும் அவளுடையதே, இது பொருளாதாரம். சிங்காநல்லூர் உழவர் சந்தை நடக்கிற தூரம். காலையில் பறித்த காய் அங்கே இருக்கிறது, விலைப்பலகை இருக்கிறது, கொசுறாகக் கறிவேப்பிலை இருக்கிறது. "பத்து ரூவாய்க்கு வாங்கற கீரைக்கு நீங்க வாங்கி வெச்சிருக்கற மம்முட்டி என்ன வெலைங்க?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு வேளாண் பல்கலைக்கழகத்திலும் விடை இருக்காது.

பக்கத்து வீட்டு அக்கா மனுவைச் சுவருக்கு மேலாகவே தாக்கல் செய்தார். "மொருங்கை மட்டும் வெச்சுப்போடாதீங்க கண்ணு. கம்பளிப்பூச்சி செவுரேறி எங்க ஊட்டுக்கு வந்துரும்." அவர் பேசிக்கொண்டிருக்கையில் அவர் வீட்டு மாமரத்திலிருந்து ஒரு பழுத்த இலை சுழன்று சுழன்று எங்கள் சம்ப் மூடியில் வந்து உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கம்பக்கத்து உறவு என்பது பெரும்பாலும் பேசாமல் விட்டவற்றின் மேல்தான் நிற்கிறது.

குப்பைக் குழிக்கு வாஸ்து வந்தது. தென்மேற்கு கன்னி மூலை. அங்கே பள்ளம் கூடாது, பாரம்தான் இருக்க வேண்டும் என்றார் ஜோசியர். வடமேற்கில் ஏற்கெனவே செப்டிக் டேங்க். மற்ற இரண்டு மூலைகளும் வீட்டுச் சுவரை ஒட்டியவை. அடுக்களை ஜன்னலுக்கு நேர் கீழே அழுகிய காய்கறித் தோல் எந்தச் சாஸ்திரத்துக்கும் ஒத்துவராது. கடைசியில் மகள் ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் ஓட்டை போட்டு, பள்ளம் இல்லாத குப்பைக் குழி ஒன்றைச் செய்தாள். தரைக்கு மேல் நிற்பதால் அது பாரம். பாரமானதால் கன்னி மூலையிலேயே வைத்துவிட்டோம். ஜோசியர் வந்து பார்த்து, கொஞ்சம் யோசித்து, தட்சிணை வாங்கிக்கொண்டார்.

அம்மாவின் ஆட்சேபணைதான் பெரிது. ஆனால் அவள் எதையும் எழுதித் தரவில்லை, நடந்து காட்டினாள். இந்த இடத்தில் பேட்ரிக் கெடிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரரைக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. நகரத் திட்டமிடலின் பிதாக்களில் ஒருவர் என்பார்கள். ஆனால் தொழிலால் தாவரவியல் பேராசிரியர். டண்டீயில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1914இல் நகரக் கண்காட்சி ஒன்று நடத்த இந்தியாவுக்குக் கிளம்பினார். படங்களும் வரைபடங்களும் ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், மதராஸில் குண்டு போட்ட அதே எம்டன். மனிதர் சளைக்கவில்லை. சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். கோயமுத்தூருக்கும் ஒன்று உண்டு. பழைய தெருக்களின் மேல் அளவுகோலை வைத்து நேராகக் கோடு கிழித்து, குறுக்கே இருப்பதையெல்லாம் இடிக்கச் சொல்லும் இன்ஜினீயர்களை அவருக்கு ஆகாது. முதலில் நடந்து பார், மனிதர்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார், பிறகு எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக வெட்டு. அவர் கட்சி சுருக்கமாக இதுதான்.

மகளின் பாடப்புத்தகத்தில் கெடிஸ் வருகிறார். எனவே அடுக்களை ஜன்னலில் நின்று அம்மா புழங்குவதைக் கவனித்தோம். கதவிலிருந்து துளசிக்கு. துளசியிலிருந்து துவைக்கிற கல்லுக்கு. அங்கிருந்து மூலைவாட்டில் நேராக, பக்கத்து வீட்டுச் சுவர் ஓரம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு. அந்த இடத்தில் அவள் கை வைத்து வைத்துச் சுவரின் சுண்ணாம்பு மழமழத்திருந்தது. தெருவில் யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனாள் என்கிற செய்திகள் வந்துசேரும் இடம் அதுதான். வருஷக்கணக்காக நடந்து நடந்து அந்த மூலைவாட்டுப் பாதையில் புல்லே முளைப்பதில்லை. எங்கள் வரைபடத்திலோ அதன் மேல் நேர்த்தியான ஆறு பாத்திகள்.

பாத்தி போட்டால் என்ன செய்வாய் என்று அம்மாவைக் கேட்டேன். "மிதிச்சுட்டுப் போவேன் சாமி" என்றாள், மிக அன்பாக. கெடிஸின் படங்களை மூழ்கடிக்கக் கடலுக்குப் போர்க்கப்பல் வர வேண்டியிருந்தது.

அதனால் நடை நேரே போகாமல் மூலைவாட்டில் போகிறது. பாத்திகள் முக்கோணமாயின. முக்கோணப் பாத்தியில் தண்ணீர் பாய்ச்சுவது ஒரு கலை. கூர்முனையில் நிற்கிற செடி வெள்ளத்தில் இருக்கும், அடிப்பக்கத்துச் செடி வறட்சி நிவாரணம் கேட்கும். போர்த் தண்ணீர் உப்பு, குழாய்த் தண்ணீர் அது வருகிற நாளில்தான். ஆக, துவைக்கிற கல்லிலிருந்து ஓடும் தண்ணீருக்கு வாய்க்கால் பிடித்து, அந்த வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு வாழை. சோப்புத் தண்ணீரையும் குடித்துக்கொண்டு குலை தள்ளுகிற பொறுமை வாழைக்குத்தான் உண்டு. ஆறுக்கு ஆறு இடம் கேட்கும் அதற்கு, துணி துவைப்பவர் நிற்கிற இடத்திலிருந்தே இரண்டடி கடன் வாங்கினோம்.

ஆட்டாங்கல் விஷயத்தில் கெடிஸும் கைவிரித்திருப்பார். அதில் யாரும் மாவாட்டி வெகுகாலம் ஆயிற்று. அடுக்களையில் கிரைண்டர் இருக்கிறது, அதுவும் கோயமுத்தூர் கிரைண்டர். ஆனால் கல் அம்மாவின் சீரோடு வந்தது. நகர்த்த நான்கு ஆள் வேண்டும், நகர்த்தலாமா என்று கேட்க அதைவிடத் துணிச்சல் வேண்டும். தோட்டத்தின் நட்டநடுவில் இருக்கிறது. மகள் அதன் குழியில் மண் நிரப்பிப் புதினா வைத்து, வரைபடத்தில் 'மைய அலங்காரம்' என்று எழுதிவிட்டாள். அம்மா பார்த்தாள். "கெடக்கட்டும், கல்லுல தண்ணி ஊத்துனா நல்லதுதான்" என்றாள். அதுதான் இதுவரை கிடைத்த ஒரே ஒப்புதல்.

கீழே இடமில்லாவிட்டால் மேலே போகலாம் என்பது மகளின் அடுத்த யோசனை. துணிக்கொடிக் கம்பங்களுக்கு இடையில் இன்னும் இரண்டு கம்பி இழுத்து, செப்டிக் டேங்குக்கு மேலாக ஒரு பந்தல். லாரி ஓஸ் அடியில் போகட்டும், புடலையும் அவரையும் மேலே படரட்டும். புடலங்காய் வளையாமல் நீள வேண்டுமென்று நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். ஒரு காலை, பாதி இருட்டில் துணி எடுக்கப் போன மனைவி, என் காலுறை என்று நினைத்து ஒரு புடலங்காயை இழுத்தாள். கல் அவள் கால் பெருவிரலில் விழுந்தது. அன்று மதியம் புடலங்காய்க் கூட்டு. யாரும் பேசவில்லை. பிறகு அவள் கொடியின் ஒரு பாதியைத் துணிக்கும் மறு பாதியைக் காய்க்கும் எழுதிக் கொடுத்தாள். எல்லையில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது.

மனு எதுவும் தராமலே வந்தது மயில். சிங்காநல்லூர்க் குளம் எங்களுக்குப் பக்கம்தான். நொய்யல் தண்ணீர் வந்து சேரும் குளம். 2017இல் மாநகராட்சி அதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. நீர்க்காகம், கூழைக்கடா, தாழைக்கோழி என்று பார்க்க வருகிறவர்கள் காமிராவோடு வருவார்கள். மயில் மட்டும் நம்மைப் பார்க்க வருகிறது. சுவர் மேல் வந்து இறங்கி, முக்கோணத்தின் கூர்முனையில் ஆரம்பித்து, தக்காளி நாற்றை ஒவ்வொன்றாக, வரிசை பிசகாமல் கொத்தியது. எங்கள் வரைபடத்தை முழுதாகப் படித்துப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன். 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. கல்லெடுத்தால் ஜெயில். நான் கையைத் தட்ட ஓங்கியபோது அம்மா பின்னாலிருந்து, "டேய், முருகன் வந்திருக்கறான், தட்டாத" என்றாள். மாநில அரசு, மத்திய அரசு, மருதமலை மூன்றும் அந்தப் பக்கம். நான் நாற்றுப் பையை உள்ளே எடுத்துவைத்தேன்.

மாடிக்கு மாற்றிவிடலாமா என்றும் பேச்சு வந்தது. 2013-14வாக்கில் தோட்டக்கலைத் துறை சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டப் பொருள்களை மானிய விலையில் கொடுத்தது; அக்கம்பக்கத்தில் பலர் வாங்கினார்கள். ஆனால் எங்கள் மாடி அம்மாவின் ராஜ்யம். மிளகாய், வடகம், மோர் மிளகாய் என்று பருவத்துக்கொரு பயிர் அங்கே காய்கிறது. ஆட்சேபணை கேட்கும் வழக்கம் அந்த ராஜ்யத்தில் இல்லை.

ஆக, பொடக்காளித் திட்டத்துக்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்தோம். வாழை ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, முக்கோணக் கீரை, கல்லுக்குள் புதினா, பாதிக் கொடியில் புடலை, மூலையில் பாரமான குப்பை. முருங்கை இல்லை, அக்காவுக்கு வாக்கு. 82 சதுர அடியில் ஒரு சாண் மிச்சமில்லை. மகள் தாளின் அடியில் 'இறுதி' என்று எழுதிக் கோடு போட்டாள்.

கோடு காய்வதற்குள் வாசலில் மாமாவின் பைக் நின்றது. பின்சீட்டில் சாக்கு சுற்றிய தென்னங்கன்று, அரை ஆள் உயரம். "நம்ம தோட்டத்துக் கன்னுங்க மாப்ளே. தோட்டமுன்னு சொன்னதுக்கப்பறம் ஒரு தென்னை இல்லாம எப்படி?"

மகள் வரைபடத்தை விரித்து அவருக்கு விளக்கினாள். மரத்துக்கு மரம் 25 அடி, 625 சதுர அடி, நம்முடையது மொத்தமே 216, அதில் மிச்சம் பூஜ்யம். மாமா மரியாதையாக முழுவதையும் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தி, புடலைப் பந்தலுக்கும் துணிக்கொடிக்கும் மேலே, ஆகாயத்தைப் பார்த்தார்.

"அந்த இருவத்தஞ்சடி அது மேல போயி எடுத்துக்கும் கண்ணு" என்றார். "கீழ ஒரு குழிக்கு மட்டும் எடங்குடு."

அம்மா கடப்பாரையை எடுத்துவரப் போயிருந்தாள்.